மாடம்மாள் துப்பாக்கி வாங்கிய கதை

மாடம்மாளின் கழுத்தில் ஏறிய தாலியின் மஞ்சள் காயும் முன்பே வேல்சாமிக்கு லீவு தீர்ந்துவிட்டது. பணகுடியிலிருந்து பஸ் ஏறித் திருநெல்வேலி போய், அங்கிருந்து ரயிலில் வடக்கே போனார். கொஞ்ச நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. ஏதோ ஊர் பேர் தெரியாத ஸ்டூடியோவில் எடுத்தது. பட்டாளத்து உடுப்பில் விறைப்பாக நின்றார். பக்கத்தில், அவர் இடுப்புக்கு மேலே வரும் உயரத்தில், ஒரு துப்பாக்கி.

பக்கத்து வீட்டு உலகம்மை போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜோடிப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாடம்மாளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் அந்தத் துப்பாக்கிக்கு 'மூத்தாள்' என்று பேர் வைத்துவிட்டாள்.

வருஷத்துக்கு ஒருமுறை அவர் லீவில் வரும்போதெல்லாம் கேட்பாள்.

"மூத்தாள் எப்படி இருக்கா?"

"அவளுக்கு என்ன? தெனம் எண்ணெ போட்டுத் தொடைச்சு, பக்கத்துலேயே வச்சிட்டுல்லா படுக்கேன்."

"எனக்கு அந்தக் குடுப்பின இல்ல."

விளையாட்டுப் பேச்சுத்தான். ஆனாலும் அவர் ரயிலேறிய பிறகு பல நாள் அதை நினைத்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் ஆவுடைத்தாய் பிறந்தபோது அவர் எல்லையில் பனிமலையில் இருந்தார். மாமியார் செத்தபோது தந்தி போய்ச் சேரவே இல்லை. சீனாச் சண்டையின்போது பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் ஊர்ப் பெண்களோடு நின்று, புரியாத ஊர்ப் பேர்களையெல்லாம் கேட்டுக்கொண்டு, வாய்க்குள் சாமி கும்பிட்டாள். இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவரோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது.

ஒருவழியாக அவர் பட்டாளத்திலிருந்து விடுபட்டு வந்தார். ஊரில் மழையும் இல்லை, வேலையும் இல்லை. மகளை வள்ளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்சாதியுமாகத் திருவனந்தபுரம் வந்து அட்டக்குளங்கரைப் பக்கம் ஒரு அறை பிடித்தார்கள். அவர் கட்டடம் கட்டுகிற இடங்களில் காவல் வேலைக்குப் போனார். மாடம்மாள் சாலைக் கடைத்தெருவில் மைதீன் சாயபுவின் மொத்தக் கடைக் குடோனில் மல்லியும் மிளகும் புடைத்தாள். சாயங்காலம் திரும்பும்போது அவள் சேலையிலிருந்து வரும் வாசனையை வைத்தே அன்று குடோனில் என்ன மூட்டை பிரித்தார்கள் என்று அவர் சொல்லிவிடுவார்.

அது எழுபத்தாறாம் வருஷம். திருவனந்தபுரத்தில் ஒரு பேங்கு புதுக் கிளை திறந்தது. வாசலில் நிற்க முன்னாள் பட்டாளத்துக்காரர் வேண்டும், துப்பாக்கியும் லைசென்சும் சொந்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். வேல்சாமி கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கினார். அது கைக்கு வந்த மறுநாள் காலை சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஏளா, நீயும் வா. தோக்குக் கடைக்குப் போயிட்டு வருவோம்."

துப்பாக்கிக்கு அந்த ஊரில் தோக்கு என்று பேர். மாடம்மாளுக்கு ஆச்சரியம். கடைகண்ணிக்கு அவளைக் கூப்பிடும் வழக்கம் அவருக்கு இல்லை.

"மூத்தாளக் கூட்டிட்டு வாரதுக்கு எளையாள் எதுக்கு?"

"சும்மா வாயேன். அப்படியே ஓட்டல்ல சாப்பிட்டு வருவோம்."

ஓட்டல் என்றதும் அவள் குடோனுக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு கிளம்பினாள்.

கடைக்காரர் பூதலிங்கம் பிள்ளைக்கு நாஞ்சில் நாடு. பழவங்காடிக்கு அப்பால் ஒரு சந்தில் இரும்புக் கிராதி போட்ட கடை. சுவரில் காட்டெருமைத் தலை ஒன்று தூசி பிடித்துத் தொங்கியது. லைசென்சை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆளைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து ஒரு நீளமான மரப்பெட்டியை எடுத்துவரச் செய்தார்.

"பட்டாளத்து ஏலத்துல வந்த சாதனமாக்கும். பழைய திரீ நாட் திரீ ரைபிள்தான். குழல்ல உள்ள வரிய எல்லாம் கடைஞ்சு எடுத்து, நம்மள மாதிரி ஆளுக வச்சிக்கிடலாம்னு மாத்தினது. ஒரு நேரம் ஒரு தோட்டாதான் போடலாம். பேங்குக்கு இது போதும். நல்லா நோக்கி எடுங்க, பொறவு பரிபவம், குறை சொல்லப்படாது, கேட்டீரா?"

எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்ததும் கிரீசு வாடையும் பழைய மர வாடையும் குப்பென்று எழுந்தது. உள்ளே நாலு துப்பாக்கிகள். மாடம்மாள் எட்டிப் பார்த்தாள். போட்டோவில் பார்த்த அதேதான். இத்தனை வருஷமாகப் பேர் சொல்லித் திட்டிய ஒருத்தியை நேரில் பார்ப்பதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வேல்சாமி ஒன்றைக் கையில் எடுத்தார். எடுத்த மாத்திரத்தில் அவர் உடம்பு மாறியது. கூனியிருந்த தோள் நிமிர்ந்தது. கட்டைவிரல் மரக்கட்டையின் மேல் ஓடி, விசைக்குப் பின்னால் பிடி மெலிகிற இடத்தில் வந்து நின்றது. நகத்தால் கீறிப் பார்த்தார். "இங்கன கீறல் இருக்கு" என்று அதைக் கீழே வைத்தார். அடுத்ததை எடுத்து, தோட்டா போடும் இடத்தை மூடுகிற போல்ட்டை மேலே தூக்கிப் பின்னால் இழுத்து ஒரு திருப்புத் திருப்பி வெளியே உருவினார். அதன் நுனியை விரலால் தடவினார். திரும்ப மாட்டி, விசையை மெல்ல இழுத்து, "முதல் இழுப்பு இலேசு, ரெண்டாவது இழுப்பு கனம். அப்படித்தான் இருக்கணும்" என்று தனக்குள்ளே பேசினார்.

மாடம்மாள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு சாக்கு மூட்டையை ஒழுங்காகக் கட்டத் தெரியாத கைகள். தேங்காய் உடைத்தால் நாலாகச் சிதறும். அந்தக் கைகளா இவை? தான் பார்க்காத இருபது வருஷம் முழுவதும் அந்த விரல்களுக்குள்ளே இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. அவர் தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார், இப்படித்தான் தனக்குள் பேசியிருப்பார். அவளுக்கு வந்தது பொறாமை இல்லை, வேறு ஏதோ.

பூதலிங்கம் பிள்ளை டெலிபோன் மணி கேட்டு உள்ளே போனார். வேல்சாமி அடுத்த துப்பாக்கியின் போல்ட்டை உருவிவிட்டு, வாசல் வெளிச்சத்தைப் பார்க்கக் குழலைத் தூக்கி, பின்பக்கத்தில் வலது கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குழல் சுத்தமா இருக்கு" என்றார்.

மாடம்மாள் குழலின் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அதன் வாயில் எண்ணெய்த் துணி சுருட்டி அடைத்திருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போக வழியில்லை.

அவளுக்கு உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. கொஞ்ச நாளாக நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஊசியில் நூல் கோக்கச் சொன்னால், 'பொறவு பாப்போம்' என்றது. பஸ் போர்டை அவளை வாசிக்கச் சொல்லி, 'மலையாளம் படிச்சுப் பழகு' என்றது. சோற்றில் கிடந்த கறிவேப்பிலையை மீன்முள் என்று எடுத்துப் போட்டது.

உள்ளே பிள்ளை பேச்சை முடிக்கிற சத்தம் கேட்டது. மாடம்மாள் சட்டென்று முன்னால் வந்து துணியைப் பிடுங்கிவிட்டு, அவர் காதோரம் குனிந்தாள்.

"வாயில துணி அடச்சிருந்துது. இப்பம் எடுத்துட்டேன். எங்கிட்டத் தாங்க. நான் பாக்கேன்."

அவர் முகம் செத்துப்போனது. துப்பாக்கியை அவளிடம் நீட்டினார். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவர் கீழேயிருந்து கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்த பிள்ளை, ஒரு பெண்பிள்ளை குழலுக்குள் கண்ணை வைத்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அவ பாக்கட்டும் பிள்ளைவாள். என்னயவிட அவளுக்குக் கண்ணு நல்ல கூர்மை" என்றார் வேல்சாமி. பிள்ளை அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன தெரியுது?" என்று வேல்சாமி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வளையம் வளையமா வெளிச்சம். கடைசியில ஒரு காசு அளவுக்குத் தெரு. ஒருத்தர் கொடை பிடிச்சுட்டுப் போறாரு."

"தெருவ விடு. நடுவுல எங்கயாவது கறுப்பா ஒத்த வளையம் நிக்கா? அப்படி நின்னா குழல் வீங்கியிருக்குன்னு அர்த்தம்."

"வளையம் இல்ல. ஒரு பக்கமா மிளகுத்தூள் தூவின மாதிரி கெடக்கு."

"துரு அரிச்ச குழி. அது வேண்டாம். அடுத்தத எடு."

கடைசித் துப்பாக்கியில் மிளகுத்தூளும் இல்லை, கறுப்பு வளையமும் இல்லை. மழை விட்டபின் குளத்தில் விழுகிற வெளிச்சம்போல உள்ளே பளபளவென்றிருந்தது. அவள் சொன்ன விதத்தைக் கேட்டே அவர் தலையாட்டினார். போல்ட்டின் கைப்பிடியில் வெட்டியிருந்த நம்பரையும் உடம்பில் வெட்டியிருந்த நம்பரையும் படிக்கச் சொன்னார். அவள் ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். இரண்டும் ஒன்றுதான்.

"சேந்தே பொறந்தது" என்றார் அவர். "இதயே எடுத்துக்கிடுவோம்."

"இதுவரைக்கும் என் கடையில ஒரு பெண்பிள்ளை வந்து தோக்கு நோக்கி எடுத்தது கிடையாது அம்மா" என்றார் பிள்ளை. எழுத்து வேலை முடிந்து துப்பாக்கி கைக்கு வர இரண்டு நாளாகும் என்று சொல்லி அனுப்பினார்.

கிழக்கேகோட்டையில் ஓர் ஓட்டலில் போய் உட்கார்ந்தார்கள். சர்வர் இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் போனான். அவர் கை இலைக்கு மேலே தயங்கி நின்றது. மாடம்மாள் மெதுவாகச் சொன்னாள்:

"எடது ஓரம் உப்பு. அடுத்தாப்புல அவியல். சாம்பார் நடுவுல."

அவர் பிசைந்தார். அவள் கேட்டாள்:

"எப்பம் இருந்து?"

"போன மழைக்கு முந்தியே. முதல்ல புகை மாதிரி இருந்துது. இப்பம் வலது கண்ணு சுத்தமா பால் விட்ட மாதிரி. எடது கண்ணுல தூரத்து ஆள் தெரியும். எழுத்து தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவ."

"இப்பம் என்ன, சிரிக்கேனா?"

அவர் இலையைப் பார்த்தபடி இருந்தார். "ஊரைவிட்டுக் கூட்டிட்டு வந்து ஒன்னய மிளகு புடைக்க வச்சிட்டேன். இந்த வேல கெடச்சா அத நிறுத்திரலாம்னு நெனச்சேன். பேங்கு வாசல்ல சும்மா நிக்கதுதானே? சுடுத வேலையே வராது."

"வராத வேலைக்கு எதுக்குத் தோக்கு? வந்துட்டா? ஒங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரியாம சனம் நடமாடுமே. ஒரு பிள்ளைத்தாச்சி நிப்பா. ஒரு சின்னப்புள்ள ஓடும்." அவள் குரலை உயர்த்தினாள். "நீங்க அப்பிடிப்பட்ட ஆளா?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வேல்சாமி கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல" என்றார்.

மறுநாள் இருவரும் சேர்ந்து பேங்குக்குப் போனார்கள். மேனேஜர் வெங்கடேஸ்வரன் கரமனை அக்கிரகாரத்துக்காரர். வேல்சாமி அவர் முன்னால் நின்று, கண் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"நீர் சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது ஓய். ஆனா தெரிஞ்சுண்டு எடுத்துக்க முடியாது. கிளை திறந்தாச்சு, வாசல்லே ஆள் வேணும். நீர் கண்ணைச் சரி பண்ணிண்டு வாரும். அப்பறம் என்னால என்ன முடியறதோ பாக்கறேன்."

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. துப்பாக்கி பூதலிங்கம் பிள்ளையின் கடையிலேயே பூட்டி இருந்தது.

அரசாங்கக் கண்ணாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் கண்ணில் கத்தி வைத்தால் லேசில் எழுந்திருக்க விடமாட்டார்கள். இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, மல்லாக்கப் படுக்கப் போட்டுவிட்டார்கள். மார்த்தாண்டத்துக்காரி நர்ஸ் சற்குணம் மாடம்மாளிடம் கண்டிப்பாகச் சொன்னாள்:

"அக்கா, ஆளத் தீரே அனங்க விடப்படாது, அசையவே விடப்படாது. இருமப்படாது, சிரிக்கப்படாது. கண்ணு வேணும்னா மண்ணு மாதிரி கெடக்கச் சொல்லுங்க."

மாடம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். ஈரத்துணியால் காலைத் துடைத்தாள். அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை, பேசுவதைத் தவிர. அதனால் பேசினார். முகம் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் கட்டுப்போட்ட கண்ணோடு அவருக்குச் சொல்ல வந்தது. பனியில் விரல் மரத்துப் போய், துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளுமாம். சாமான் சுமக்கிற ஒரு கோவேறு கழுதைக்கு அவர் இட்டிருந்த பெயர் மாடி, மாடம்மாளின் சுருக்கம். அதைக் கேட்டதும் மாடம்மாளுக்குக் கோபம் வந்தது.

"எம் பேரையா கழுதைக்கு வச்சிய?"

"அங்கன கூப்பிட வேற யார் இருந்தா?"

அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவளும் தன் பங்குக்குச் சொன்னாள். ஆவுடைத்தாய்க்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு தனியாகக் கண்விழித்தது. மகள் முதன்முதலில் 'அப்பா' என்றபோது போட்டோவைக் காட்டியது. அவள் போட்டோவைத் தொட்டுத் துப்பாக்கியை 'அப்பா' என்று கூப்பிட்டது. அதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். சற்குணம் வார்டின் மறுகோடியிலிருந்து ஓடி வந்தாள்.

"இது என்னது? சிரிக்கப்படாதுன்னு சொன்னேனா இல்லையா? அக்கா, நீங்க வெளிய போங்க!"

மாடம்மாள் வராந்தாவில் போய் நின்றுகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். கல்யாணம் ஆகி இத்தனை காலத்துக்குப் பிறகு அவள் முழுதாக ஒரு புருஷனோடு இருந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான்.

கட்டு அவிழ்த்துப் புண் ஆறிய பிறகு சோடாப்புட்டி அடிபோல ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டால் எல்லாம் பெரிதாக, பக்கத்தில் வந்து நிற்கும். முதல் நாள் வீட்டில் அவர் டம்ளரை எடுக்கப் போய், அதற்கு ஒரு சாண் முன்னால் காற்றைப் பிடித்தார். பிறகு நிமிர்ந்து மாடம்மாளைப் பார்த்தார்.

"ஏளா, மூக்குத்தி புதுசா?"

"கல்யாணத்துல போட்டதுதான்."

"இம்புட்டுப் பெருசாவா இருந்துது? ஒங்க அப்பாவக் கஞ்சன்னுல்லா நெனச்சிருந்தேன்!"

மேனேஜர் வெங்கடேஸ்வரன் சொன்ன சொல்லை மறக்கவில்லை. போனக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கணக்கு அவர் பேங்கில் இருந்தது. தோட்டத்துச் சம்பளப் பணத்தை விதுரா வழியாக ஜீப்பில் மலைக்குக் கொண்டுபோகும்போது கூட வர ஒரு காவல்காரர் வேண்டும் என்று தோட்டத்தார் கேட்டபோது, இவரைச் சொல்லி அனுப்பினார். தோட்டத்து டாக்டர் தூரத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். வேல்சாமி கடைசி வரி வரை படித்தார்.

பூதலிங்கம் பிள்ளையிடமிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மலைக்குக் குடிபோனார்கள். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேருக்கு மேல் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மாடம்மாளுக்கு வயிறு நிறைந்தது. மிளகு புடைப்பதை நிறுத்தியவள், சும்மா இருக்க முடியாமல் பிள்ளை மடுவத்தில் சேர்ந்தாள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டுகிற வேலை. அவள் மடியில் எப்போதும் யாருடைய பிள்ளையாவது கிடக்கும். சம்பள நாளில் வேல்சாமி ஜீப்பின் முன்சீட்டில், துப்பாக்கியை முழங்காலுக்கு இடையில் நிறுத்தி வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். அத்தனை வருஷத்தில் அவர் சுட்டது ஒரே ஒரு முறை, வாழைக்குள் இறங்கிய யானையை விரட்ட, ஆகாயத்தைப் பார்த்து. யானை மெதுவாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, தார் ஒன்றை முறித்து எடுத்துக்கொண்டே போனது.

எண்பத்தைந்தில் தோட்டத்தார் அவருக்கு மாலை போட்டு வேலையிலிருந்து விடுவித்தார்கள். இனி துப்பாக்கி தேவையில்லை. இருவரும் டவுனுக்கு இறங்கி, அதைப் பூதலிங்கம் பிள்ளையின் மகனிடம் ஒப்படைத்து, லைசென்சையும் முடித்துக்கொண்டார்கள். பையன் குழலைப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருந்திருக்கீங்க" என்றான்.

திரும்பி வரும்போது விதுராவில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். வேல்சாமிக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டினார், முன்னால் கொண்டுவந்தார், பைக்குள் விட்டார். மாடம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கடையில் மரச்சீனிக் கிழங்கு குவித்து வைத்திருந்தார்கள். பேரம் பேசி ஒரு கட்டு வாங்கி, அவர் கையில் கொடுத்தாள்.

"இதப் பிடிங்க."

அவர் வாங்கி, பழைய பழக்கத்தில் தோளில் சாய்த்துக்கொண்டார். போனக்காட்டு பஸ் வந்து, நிறைந்து, அவர்களை விட்டுவிட்டுப் போனது. அடுத்தது சாயங்காலம்தான். இரண்டு பேரும் அவசரப்படவில்லை. டீக்கடை பெஞ்சில் வெயில் படாத பக்கமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு டீ சொன்னார்கள்.